வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு

ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆனவனுக்குப் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். யாராவது காலமாகியிருப்பார்கள், அல்லது ஏதாவது கோப்பைக் காணவில்லை. போன மாதம் எனக்கு வந்த போன் இந்த இரண்டிலும் சேரவில்லை. பேசியவர் ஆயிஷா. நான் வேலை பார்த்த பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர். கூத்தாநல்லூர்க்காரர். நான் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

“சார், எரிசாராய ஆலையோட பழைய பைல் பாத்துக்கிட்டிருக்கேன். மூணாம் நம்பர் கிணத்துத் தண்ணி வரம்புக்குள்ள இருக்குன்னு வருஷா வருஷம் உங்க கையெழுத்து இருக்கு. ஆனா நீங்க ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி எழுதின கடைசி ரிப்போர்ட்ல, அந்தக் கிணத்துக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கிற மரக்கன்னுங்களுக்கு டேங்கர் லாரியில தண்ணி ஊத்துறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கிணத்துத் தண்ணி நல்லாயிருந்தா லாரி எதுக்கு சார்?”

அந்த வரி எழுதப்பட்ட பிறகு அந்தக் கோப்பு எத்தனை மேசைக்குப் போயிருக்கும், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒருவரும் கேட்காத கேள்வியை இந்தப் பெண் வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் கேட்டுவிட்டார். “ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க சார், போதும்” என்றார். சரி என்று போனை வைத்தேன். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயமாக அது இல்லை.

எங்கள் பிரிவின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலை வருவதற்கு முன்னால் அது நிலத்தையும் நீரையும் என்ன செய்யும் என்று ஆராய்வார்கள், கூட்டம் போடுவார்கள், அறிக்கை அச்சடிப்பார்கள். பிறகு நிபந்தனைகளோடு அனுமதி கொடுப்பார்கள். அனுமதி கொடுக்கிற அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள், மாலை இருக்கும், மந்திரி இருப்பார். அதன் பிறகு அந்த நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் இருந்தோம். கேனும் ஐஸ் பெட்டியும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவோம். ஆலை வாசலில் வாட்ச்மேன் எங்களைக் காக்க வைப்பான்.

நான் வலங்கைமான் பக்கத்துக் கூலித் தெருவிலிருந்து வந்தவன். அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய கூட்டத்தில் நின்று இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். அவர் மகன் நான் கும்பகோணத்தில் வேதியியல் படித்து, நீர் மாதிரி எடுக்கும் கள உதவியாளனாகத் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று மாதம். அதில் மனத்தில் நின்றது கொஞ்சம்தான். எந்தத் தண்ணீரை எடுக்கிறோமோ அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலச வேண்டும். குழாய்க் கிணறு என்றால் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகுதான் பிடிக்க வேண்டும். மண்டி கலங்கிய தண்ணீரை எடுக்கக் கூடாது, அது கிணற்றின் உண்மையான நிலையைக் காட்டாது. இதையெல்லாம் நான் வேதம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

என் மேலதிகாரி சந்தானம் சார். என்னைவிட இரண்டு வயது இளையவர், நேரடியாகப் பொறியாளராக வந்தவர். அவரைப் போல ஒரு ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை. கோப்பைப் படிக்கும்போது ஒரு மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். சந்தேகம் வந்தால் ஸ்கேல் அந்த வரியில் நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல், “ஆதாரம் இருக்கா? இருந்தா எழுதுங்க. இல்லேன்னா மனசுல வெச்சுக்குங்க” என்பார். ஆலைக்குப் போனால் அவர்கள் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். பொங்கலுக்கு வந்த காலண்டரைத் திருப்பி அனுப்பியவர். நானும் ஒரு காசு தொட்டவன் இல்லை. நாங்கள் கைநீட்டி வாங்கியிருந்தால் இந்தக் கதையை இரண்டு திட்டோடு முடித்துவிடலாம்.

எரிசாராய ஆலை இருந்த ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த வயதில் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். குடவாசலில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர் என்பது போதும். சர்க்கரைப் பாகிலிருந்து எரிசாராயம் காய்ச்சி எடுத்த பிறகு, கறுப்பாக, மூக்கைத் துளைக்கிற நாற்றத்தோடு ஒரு கழிவு மிஞ்சும். அதைப் பெரிய குட்டைகளில் தேக்கி வைப்பார்கள். குட்டைக்கு அடியில் தண்ணீர் இறங்காதபடி தளம் போட வேண்டும், சுற்றிலும் நான்கு கிணறுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பவை அனுமதியில் இருந்த முக்கியமான நிபந்தனைகள். நான்கில் மூன்றாவது கிணறு அம்மாக்கண்ணுவுடையது. கோப்பில் கிணறு என்று எழுதுவோம். அது ஆழமில்லாத குழாய்க் கிணறு, மேலே ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஆயில் இன்ஜின்.

அம்மாக்கண்ணுவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். புருஷன் கோவிந்தசாமி இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். ஒரு மடத்துக்குச் சொந்தமான நிலம் அது. கோவிந்தசாமி பண்ணைக் கூலியாக இருந்தவர். உழுதவனுக்குக் குத்தகைப் பதிவு வேண்டும் என்று ஊரே நின்ற காலத்தில் அவரும் நின்று, மண்டை உடைந்து, பதினேழு தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் அந்த மூன்று மாவைத் தன் பெயரில் குத்தகைதாரராகப் பதிய வைத்தார். முதல் நாள் நான் போனபோது அம்மாக்கண்ணு என்னை “சார்” என்றுதான் கூப்பிட்டார். எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டதும் இன்ஜின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு “தம்பி”தான்.

“உங்கப்பாவும் இவுரும் திருச்சி ஜெயில்ல ஒண்ணாத்தான் இருந்தாங்க தம்பி. இந்த மூணு மாவுக்குத்தான் அத்தனை அடியும். எம் மவ கல்யாணம் எல்லாம் இதுலதான் ஆச்சு. இத வுட்டா எனக்கு மறுபடி அடுத்தவன் வயல்ல நடவுதான்.”

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் மே மாதம் அது. டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் வருவது ஜூனுக்குப் பிறகுதான். குறுவை போடுகிறவர்கள் அதற்கு முன்னாலேயே, கிணறு இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் நாற்றங்கால் விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும்போது நாற்று பறிக்கத் தயாராக இருக்க வேண்டும். அம்மாக்கண்ணுவும் விட்டிருந்தார். நாற்று முளைத்து, நுனி பழுத்து, பாதிக்கு மேல் துவண்டு காய்ந்துவிட்டிருந்தது.

இன்ஜினை ஓட்டினோம். கிணற்றில் நீர்மட்டம் மிகவும் கீழே போயிருந்ததால் குழாய் விட்டு விட்டுத்தான் தண்ணீரைத் தள்ளியது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஓடியும் பால் விடாத டீயின் நிறம் மாறவில்லை. அம்மாக்கண்ணு ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

“இதான் தம்பி. போன வருசம் வரைக்கும் இதுல கஞ்சி வெச்சுக் குடிச்சோம்.”

கேனை அலசி, பிடித்து, சீட்டுக் கட்டி, குடவாசல் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிப் போட்டு, அன்று மாலையே தஞ்சாவூர் ஆய்வகத்தில் சேர்த்தேன். முடிவு நாலாம் நாள் வந்தது. கரைந்த உப்பு வரம்பைப் போல மூன்று மடங்கு. நிறமோ வரம்பை எங்கேயோ தாண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் என் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஆலைக்காரர்கள் வரவில்லை, சந்தானம் சார் வாயைத் திறக்கவில்லை. நானாகவே உட்கார்ந்து யோசித்தேன். நீர்மட்டம் தாழ்ந்திருந்தது. குழாய் விட்டு விட்டுத் தள்ளியது. அடிமண்டி கலங்கியிருக்கும். பயிற்சியில் சொன்னபடி பார்த்தால் இது சரியான மாதிரி இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் குறிப்பு எழுதினேன்: “கோடையில் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தமையால் அடிமண்டி கலங்கியுள்ளது. இம்மாதிரி கிணற்றின் இயல்பு நிலையைக் காட்டாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நீர்மட்டம் நிலைபெற்ற பிறகு மீண்டும் எடுப்பதே முறையாகும்.”

அதை எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலித் தெருவிலிருந்து வந்தவன் கேன் தூக்க மட்டும் தெரிந்தவன் இல்லை, முறையும் தெரிந்தவன் என்று அந்தப் பெரிய மனிதர் நினைக்க வேண்டும். அது எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. ஸ்கேல் என் குறிப்பின் மேல் ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கியது. சந்தானம் சார் நிமிர்ந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க செல்வராசு. இவ்வளவு தெளிவா இஞ்சினியருங்களே எழுத மாட்டாங்க.”

மறுநாள் என் குறிப்பு சுற்றறிக்கையாகிவிட்டது. டெல்டாவில் கிணற்று நீர் மாதிரிகள் வாய்க்காலில் நீரோட்டம் வந்த பின்பே எடுக்கப்பட வேண்டும். மே மாத முடிவைக் கோப்பில் வைக்க வேண்டியதில்லை என்று முடிவானது. ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்திருந்த மாதிரியில் மிச்சமிருந்த கேனை ஆய்வகத் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஜூலையில் போய் மறுபடி எடுத்தேன். வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றிலும் கலந்து, நீர்மட்டம் மேலே வந்து, இன்ஜின் ஒரே சீராகத் தள்ளியது. முடிவு வரம்புக்குள் இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து எல்லாம் வழக்கமாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் விட்ட இரண்டாம் வாரம் ஆலையின் கெமிஸ்ட் போன் செய்வார். “சார், நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்தாச்சு, வரலாம்.” எவ்வளவு மரியாதை பாருங்கள். நாங்கள் போய் எடுப்போம். அடுத்தது மழைக்குப் பிறகு. ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை, ஒவ்வொன்றிலும் வரம்புக்குள். இதற்கிடையில் இரண்டு முறை ஆட்சி மாறியது. ஆலை வாசல் வளைவில் கொடியின் நிறமும் படத்திலிருந்த தலைவரும் மாறினார்கள். குட்டைகள் மட்டும் இரண்டிலிருந்து நான்காயின.

நாலாவது வருஷம் ஜூலையில் நான் கேனை அலசிக்கொண்டிருந்தபோது அம்மாக்கண்ணு பக்கத்தில் வந்து நின்றார். அந்த வருஷமும் நாற்று போயிருந்தது. பக்கத்து ஊரில் நாற்று வாங்கி நட்டிருந்தார்.

“ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே தம்பி?”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க எப்பவும் வாய்க்கால்ல தண்ணி வந்தப்புறமே வர்றீங்க. எனக்கு இந்தக் கிணத்துத் தண்ணி வேண்டியது வாய்க்கால்ல தண்ணி வராதப்பதான். தண்ணி வந்துட்டா இந்த இஞ்சினை நா ஏன் தொடப்போறேன்?”

நான் அவருக்கு நீர்மட்டம், மண்டி, இயல்பு நிலை என்று ஏதோ விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படித்த பிள்ளை சொல்கிறதே என்ற பொறுமை. எனக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. நாலு வருஷமாக நான் ஒரு கிணற்றை, அது யாருக்கும் பயன்படாத மாதங்களில் மட்டும் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதற்கு விதி எழுதியவனும் நான். அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஒரு தாள் எழுதினேன். மூன்றாம் கிணற்றில் மே மாதத்திலும் மாதிரி எடுக்க அனுமதி வேண்டும் என்று. ஸ்கேல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. சந்தானம் சார் எழுந்துபோய்ப் பழைய சுற்றறிக்கையை எடுத்துவந்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதுவும் நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க சார்.”

“அப்ப இது தப்புன்னு சொல்றீங்க.”

“மே மாசத்துலதான் சார் அவங்க அந்தத் தண்ணியப் பயன்படுத்தறாங்க. நான் அத யோசிக்கல.”

“சரி. தப்புன்னு எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன். நாலு வருஷமா தப்பான முறையில மாதிரி எடுத்தது யாருன்னு மேல கேப்பாங்க. சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறும். உங்க பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் போவுது. நான் தடுக்க மாட்டேன், உங்க இஷ்டம்.”

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். மகன் ‘ஆபீசர்’ ஆகப்போகிறான் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்தானம் சார் பின்னாலிருந்து, “டீ குடிச்சிட்டுப் போய் வேலையப் பாருங்க” என்றார். பதவி உயர்வு வந்தது. அம்மாக்கண்ணுவின் கிணற்றுக்கு ஜூலையில் போனேன்.

பிறகு காவிரி வராத வருஷங்கள் வந்தன. ஜூன் போய், ஆகஸ்ட் போய், வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. சம்பாவுக்கும் தண்ணீர் இல்லை. கிணறு உள்ளவர்கள் மட்டும் ஏதோ கொஞ்சம் போட்டார்கள். அம்மாக்கண்ணுவிடம் கிணறு இருந்தது, அதிலிருந்து வந்ததை வயலுக்கு விட்டால் மண்ணின் மேல் பழுப்பாக ஒரு ஏடு படிந்தது. மூன்று மாவும் தரிசாகக் கிடந்தன. அந்த வருஷங்களில் எங்கள் அறிக்கை என்ன சொல்லியது என்று ஆயிஷா கோப்பில் பார்த்திருப்பார். “வாய்க்காலில் நீரோட்டம் இல்லாமையால் மாதிரி எடுக்கப்படவில்லை. முந்தைய முடிவுகள் வரம்புக்குள் உள்ளன.” கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத வருஷங்களில் கிணற்றுத் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. சுற்றறிக்கைப்படி அதுதான் சரி.

நிலம் தரிசாகக் கிடந்தால் கிராம அடங்கலில், அதாவது எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கணக்கில், ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் ‘தரிசு’ என்று ஏறும். மடத்தின் காரியஸ்தர் மூன்று பசலி காத்திருந்தார். பிறகு வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குத்தகைதாரர் வேண்டுமென்றே சாகுபடி செய்யவில்லை, நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆலைக் கழிவால் தண்ணீர் கெட்டுவிட்டது, அதனால்தான் பயிர் வைக்க முடியவில்லை என்பது அம்மாக்கண்ணுவின் பதில். அப்படியானால் தண்ணீரைச் சோதித்தவரைக் கூப்பிடலாம் என்றார் மடத்து வக்கீல். என் பெயருக்குச் சம்மன் வந்தது.

முந்தின நாள் சந்தானம் சார் என்னை அழைத்து, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பதிவுல உள்ளத மட்டும் சொல்லுங்க” என்றார். நீதிமன்றம் என்றால் பெரிய கூடம் ஒன்றுமில்லை. ஒரு பழைய கட்டடத்தில் மேசை, மின்விசிறி, நாலு பெஞ்சு. அம்மாக்கண்ணு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வந்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். தம்பி வந்துவிட்டது, தம்பி சொல்லும் என்று நம்பியிருக்கிறார்.

“மூன்றாம் எண் கிணற்றைப் பல வருஷமாக நீங்கள்தானே சோதிக்கிறீர்கள்?” என்று மடத்து வக்கீல் கேட்டார்.

“ஆமாம்.”

“தண்ணீர் எப்போதாவது வரம்பைத் தாண்டியதாகப் பதிவு இருக்கிறதா?”

எனக்கு அந்த டீ நிறமும், அம்மாக்கண்ணு கையில் அள்ளி நீட்டியதும் கண் முன்னால் நின்றன. மூன்று மடங்கு என்ற எண்ணும் நினைவில் இருந்தது. ஆனால் வக்கீல் கேட்டது பதிவைப் பற்றி. பதிவு இல்லாமல் செய்தவன் நான்.

“பதிவு இல்லை.”

அம்மாக்கண்ணுவின் வக்கீல் ஒரு சின்னப் பையன், விவசாயத் தொழிலாளர் சங்கத்து வழக்குகளைப் பார்க்கிறவர். கோடையில் எடுத்தீர்களா என்று அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. நான் இறங்கி வரும்போது அம்மாக்கண்ணு என்னைப் பார்க்காமல் புடவை முந்தியைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. பதினேழு தையலுக்குக் கிடைத்த மூன்று மா, நான் சொன்ன இரண்டு வார்த்தையில் போய்விட்டது. அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து நடந்ததை யாராவது கதையாக எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆலையை விரிவாக்க அனுமதி வந்தது. புது நிபந்தனைகளில் ஒன்று, ஆலையைச் சுற்றி மரம் வளர்த்துப் பசுமை வளையம் அமைக்க வேண்டும். ஆலைக்குள் இடமில்லை. மடம் அந்த மூன்று மாவை ஆலைக்குக் குத்தகைக்கு விட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்து மரக்கன்றுகளை எண்ணிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். மே மாதம். கன்றுகளை எண்ணுவதற்கு வாய்க்கால் விதி கிடையாது.

புங்கனும் வேம்பும் பூவரசும் வரிசையாக நின்றன. பழைய இன்ஜின் கொட்டகையில் கீற்று இல்லை, குழாய் மட்டும் துருப்பிடித்து நின்றது. சாலை ஓரமாக டேங்கர் லாரி. அதிலிருந்து நீண்ட குழாயைப் பிடித்து ஒரு அம்மாள் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆலையின் பச்சை நிறச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அது அம்மாக்கண்ணு என்று தெரிந்தது. தன் வயலில் தினக்கூலிக்கு வந்திருந்தார்.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் என்னைப் பார்த்தும் குழாயைக் கீழே வைக்கவில்லை.

“வாங்க தம்பி. எண்ண வந்தீங்களா?”

“ஆமாங்க.” வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், “கிணறு இங்கயே இருக்கே, லாரி எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். ஆயிஷா கேட்ட அதே கேள்வி.

“மொத தடவ வெச்ச கன்னுங்களுக்கு அந்தத் தண்ணியத்தான் வுடச் சொன்னாங்க. அம்புட்டும் கருகிப்போச்சு. மானேசரு வந்து பாத்தாரு. இந்தத் தண்ணி ஆவாதுன்னு சொல்லிட்டு, ஆத்துத் தண்ணிக்கு லாரி ஏற்பாடு பண்ணிட்டாரு.” அடுத்த கன்றுக்குக் குழாயை நகர்த்தினார். “ஒரே வாரந்தான் தம்பி. மரம் பட்டுப்போச்சுன்னதும் ஒரே வாரத்துல லாரி வந்துருச்சு.”

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வரிசை வரிசையாகப் போய்க் கன்றுகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. நிபந்தனை நிறைவேற்றப்பட்டது என்று எழுதினேன். படிவத்தில் கீழே ‘நீர் ஆதாரம்’ என்று ஒரு இடம் உண்டு. ‘போதுமானது’ என்று எழுதுவதுதான் வழக்கம். நான், ‘டேங்கர் லாரியில் ஆற்று நீர்’ என்று எழுதினேன்.

சந்தானம் சாரின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. அவர் நிமிர்ந்தார்.

“இது அவசியமா?”

“ஆதாரம் இருக்குங்க சார். கண்ணால பாத்தேன்.”

ஸ்கேல் இறங்கியது. கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷத்தில் நான் காட்டிய வீரம் அவ்வளவுதான். அதுவும் பென்ஷன் கையெழுத்தான பிறகு.

அம்மாக்கண்ணு இப்போது மகளோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. நிலம் திரும்பி வராது, அது ஆயிஷாவுக்கும் தெரியும். இந்த மே மாதம் தானே போய் அந்தக் குழாயில் மாதிரி எடுக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் பழைய சுற்றறிக்கையை ரத்து செய்ய என்னிடமிருந்து எழுத்தில் காரணம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் கேட்டவருக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். இத்தனையையும் கோப்பில் வைக்க முடியாது. வைக்க வேண்டியதைக் கீழே தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

லாரி எதற்கு என்று கேட்டீர்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்பதால். அது எனக்கு முதல் வருஷம் மே மாதமே தெரியும். அந்த மாதிரியை ஆய்வகத் தொட்டியில் கொட்டியவன் நான்தான். கொட்டிவிட்டுக் கேனை மூன்று முறை அலசிக் கவிழ்த்தும் வைத்தேன்.